தீர்ந்தது என்று நான் எழுதித் தரவில்லை

என் பூங்காவனத்துக்கு உன் மாமா எழுதுவது.

முதலில் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோணல்மாணலாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள். நான் ஏர் பிடித்த காலத்தில் ஒரு சால் கோணியிருக்குமா, நீயே சொல். இந்தப் பேனா மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு வரி கோட்டுக்கு மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. அழுத்தி எழுதுவதால் தாளின் பின்பக்கம் தடவினாலே எழுத்து விரலில் தட்டுப்படும். ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகிறது.

ஆமாம் புள்ள, எழுதுவது நானேதான். யாரையும் உட்கார வைத்துச் சொல்லிச் சொல்லி எழுதவில்லை. நீ போய் ஏழு வருசம் ஆகிறது. இந்த ஏழு வருசத்தில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றிய சேதி எத்தனையோ. சொல்ல வழியில்லாமல் இருந்தேன். இப்போது வழி கிடைத்துவிட்டது.

நம்ம தெரு மாணிக்கத்தின் மருமகள் சுமதியை உனக்குத் தெரியும். காலையெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கன்வாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். மொத்தம் பதினோரு பேர் படிக்கிறோம். அதில் பத்துப் பேர் பொம்பளைகள். ஆம்பளை நான் ஒருத்தன்தான். நீ முறைப்பது தெரிகிறது. எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது, கவலைப்படாதே.

படிக்க வந்ததில் ஒரு கஷ்டமும் உண்டு. படிக்க ஆரம்பித்த புதிதில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸின் போர்டாகப் படித்துக்கொண்டிருந்தேன். துறையூர், சிதம்பரம், ஆத்தூர் என்று வாய்விட்டுப் படிக்கப் படிக்க அப்படி ஒரு சந்தோசம். படித்து முடித்துத் திரும்பினால் நம்ம ஊர் பஸ் போய்விட்டது. இத்தனை வருசமும் எழுத்துத் தெரியாமல், கேட்டுக் கேட்டுச் சரியாக ஏறினவன், எழுத்துத் தெரிந்த பிறகு பஸ்ஸை விட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மருமகள் கவிதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தக் கடிதத்தை வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று சுமதி சொல்லியிருக்கிறாள். அதனால் நம்ம சண்டைகளை எல்லாம் விட்டுவிட்டேன். உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் வகுப்பு முடியும் சமயம், ஆளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாள் சுமதி. யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் தபாலில் போட வேண்டும். பொம்பளைகள் திருப்பூரில் இருக்கிற மகனுக்கு, கட்டிக்கொடுத்த மகளுக்கு என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பெரியப்பா, நீங்க யாருக்கு எழுதப் போறீங்க?" என்று கேட்டாள் சுமதி.

"டெல்லிக்கு."

"டெல்லில யாரு இருக்கா ஒங்களுக்கு?"

"நாட்டை ஆள்றவரு இருக்காருல்ல. அவருக்கு."

வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த சின்னப்பொண்ணு சும்மா இருப்பாளா? "ஏன் மச்சான், அவரு ஒங்களுக்கு என்ன மொறை வேணும்?" என்றாள்.

"தவறாம ஓட்டுப் போடுறேன்ல? அந்த மொறைதான்."

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பூங்காவனம். தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு, பைபாஸ் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோமே, அந்த வெள்ளிக்கிழமை. ஓட்டுக் கேட்டு ஒரு பெரிய தலைவரின் வேன் வந்து நின்றது. அதைத் தருவோம், இதைத் தருவோம் என்று அவர் மைக்கில் சொல்லிக்கொண்டே போனார். நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேனுக்குக் கிட்டே போய்விட்டாய். நான் உன் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறேன், நீ நிற்கவில்லை.

"ஐயா, எங்களுக்கு என்ன தருவீங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. எங்களப் பத்தி என்ன நெனைக்கிறீங்கன்னு ஒருத்தரும் சொல்லலியே?" என்று கேட்டாய்.

அவருக்குக் கேட்டதோ கேட்கவில்லையோ, கையை ஆட்டினார். வேன் நகர்ந்துவிட்டது. கூட வந்த ஆள் ஒருத்தன் உன் கையில் ஒரு கொடியைத் திணித்துவிட்டுப் போனான். நீ அந்தக் கொடித்துணியைக் கொண்டுவந்து சட்டி பிடிக்கும் துணியாக வைத்திருந்தாய். கேள்வியை மட்டும் விடவில்லை. வெங்காயம் அரியும்போதும், பருத்தி எடுக்கும்போதும் சொல்லுவாய், அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார் என்று. கேட்டது தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான்தான் சொன்னேன், பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று. அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். நான் இழுத்த சேலைத் தலைப்பை இப்போது விட்டேன் என்று வைத்துக்கொள்.

கடிதம் எழுத ஒன்பது நாள் ஆனது. நாலு தாள் கிழிந்தது. எழுதியதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன், பார்.

"நாட்டை ஆளும் தலைவர் அவர்களுக்கு. வணக்கம். நான் செல்லமுத்து. வயது எழுபத்து மூன்று. கூலி வேலை செய்தவன். எனக்கு ஒன்றும் வேண்டாம். ஒரு கேள்வி மட்டும். இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரே உரிமை என்று எங்கள் பாடத்தில் படித்தேன். எங்கள் ஊர் டீக்கடையில் ஊர்த்தெருக்காரர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். எங்கள் தெருக்காரர்களுக்குப் பேப்பர் கப்பு. முன்னே அலுமினியக் குவளை, நாங்களே கழுவி வைக்க வேண்டும். இப்போது கழுவ வேண்டாம், தூக்கிப் போட வேண்டும். கடைக்காரர் பெயரை எழுத மாட்டேன். அவரைத் தண்டிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இது என் மனைவி பூங்காவனத்தின் கேள்வி. அவள் இறந்துவிட்டாள். பதிலை எனக்கு எழுதவும். பெரிய எழுத்தாக இருந்தால் நல்லது."

எப்படி இருக்கிறது? உன் பேர் டெல்லிக்குப் போயிருக்கிறது, தெரியுமா?

கவிதா படித்துவிட்டு, "மாமா, அவருக்குத் தமிழ் தெரியாதே" என்றாள்.

"படிச்சுக் காட்ட ஆளு வச்சிருப்பாரும்மா. எனக்கும் எழுபது வருசமா யாராச்சும்தானே படிச்சுக் காட்டுனாங்க? அதுல ஒண்ணும் கொறைச்சல் இல்ல" என்றேன்.

போஸ்ட் ஆபீசில் இருந்த பெண் விலாசத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். "தாத்தா, பட்டாவா? பென்சனா?"

"ரெண்டும் இல்லம்மா. அவரோட கருத்தைக் கேட்டு எழுதியிருக்கேன்."

"கருத்தா?"

"ஆமா. என்ன நெனைக்கிறாருன்னு."

அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, முத்திரையை இரண்டு தடவை அழுத்திக் குத்தினாள்.

பிறகு இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. நான் தினமும் கேட்டதில் தபால்காரர் சைக்கிளையே வேறு தெருவழியாகத் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் காலையில் பார்த்தால், டீக்கடைத் துரைசாமி நம்ம தெருவுக்குள் வந்துகொண்டிருக்கிறான். அவன் நம்ம தெருவுக்குள் வந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. நம்ம மகன் ராசேந்திரன் அப்போதுதான் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை முடிந்து வந்து, தலையெல்லாம் வெள்ளைத் தூசியாக வாசலில் நின்றான்.

"அண்ணே, என் மேல பிசிஆர் கேஸ் குடுத்துட்டீங்களா?" என்றான் துரைசாமி.

என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். இதுநாள்வரைக்கும் 'செல்லமுத்து, கப்பைத் தூரமாப் போடு' என்பவன். இன்றைக்கு அண்ணே. நான் அந்த அண்ணேயைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது பயத்துக்குப் பிறந்த அண்ணே.

விசயம் என்னவென்றால், டெல்லியில் இருந்து கடிதம் சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து அரியலூருக்கு வந்து, அங்கிருந்து நம்ம தாலுகாவுக்கு வந்திருக்கிறது. மேலே 'மனு' என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். உரிமை, டீக்கடை, கிளாஸ் என்று மூன்று வார்த்தையைப் பார்த்ததும் யாரோ ஊருக்குள் பிசிஆர் என்று சொல்லிவிட்டார்கள். தீண்டாமைக் கேஸ் என்றால் ஜாமீன்கூடச் சீக்கிரம் கிடைக்காது என்று துரைசாமியின் மச்சான் அவனைக் கலக்கி அனுப்பியிருக்கிறான்.

"கேஸ் எதுவும் குடுக்கல துரைசாமி. கருத்துதான் கேட்டேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"சரி, ஒங்கிட்டயே கேக்குறேன். நீ என்ன நெனைக்கிற?"

கவிதா ஒரு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினாள். "எனக்குச் சக்கரை இருக்கும்மா" என்றான். "சக்கரை போடலைங்க" என்றாள் அவள். வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தான். கிளாஸ் கொடுத்தால் ஊர்த்தெருக்காரர்கள் கடைக்கு வரமாட்டார்கள், அவன் கடையை யாருக்காக நடத்துவது, அவன் அப்பன் காலத்திலிருந்து இப்படித்தான், அவன் மனதில் ஒன்றும் இல்லை. எல்லாம் சொன்னான். டீயில் ஆடை படிந்துவிட்டது. டம்ளரை அப்படியே திட்டில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் மனதில் ஒன்றும் இல்லையாம். மனதில் ஒன்றும் இல்லாமலே ஒருத்தன் முப்பது வருசம் இப்படிச் செய்ய முடியுமா, பூங்காவனம்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். அங்கே நடந்ததைக் கேள். கிளாஸ் அடுக்கிவைக்கும் இடம் காலியாக இருந்தது. ஒரு கிளாஸ்கூட இல்லை. ஊர்த்தெருவுக்கும் பேப்பர் கப்பு, நம்ம தெருவுக்கும் பேப்பர் கப்பு. எல்லோரும் சமமாகிவிட்டார்கள்! ஊர்த்தெருப் பெரிய மீசை நடராசன் பெஞ்சில் உட்கார்ந்து, சூடு தாங்காமல் கப்பைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மீசை துடித்தது.

"ஒன்னாலதான்டா எனக்கும் இந்த எழவு கப்பு!"

"சுடுதுங்களா?" என்றேன். "எங்களுக்கு ஏழெட்டு வருசமாவே சுடுதுங்க."

கடையில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். ஊர்த்தெருக்காரர்கள்தான். நடராசனுக்கு இன்னும் கோபம். நான் நின்று நிதானமாகக் குடித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு உன்னை நினைத்துத் தெரு முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்குக் கிளாஸ் கொடுக்க மனசு வராமல், எல்லோருடைய கிளாஸையும் எடுத்து ஒளித்துவிட்டான். இதற்குப் பேர் சமம்தானா? கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் நெஞ்சில் இறங்கவில்லை?

போன வாரம் வியாழக்கிழமை தாலுகா ஆபீசிலிருந்து ஒரு சார் வண்டியில் வந்தார். சின்ன வயசு, நல்ல மாதிரி. வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டோம். தெருவே கூடிவிட்டது. துரைசாமியும் வந்து ஓரமாக நின்றான்.

"தாத்தா, விசாரிச்சிட்டேன். இப்ப கடையில எல்லாருக்கும் ஒரே கப்புதான். ஒங்க பிரச்சினை தீர்ந்துடுச்சு. இதுல கைநாட்டு வைங்க, மனுவை முடிச்சிடலாம்" என்று, மைப்பெட்டியைத் திறந்து என் கட்டைவிரலைப் பிடித்தார்.

நான் விரலை இழுத்துக்கொண்டேன். "படிச்சிட்டுப் போடுறேனுங்க சார்."

"படிப்பீங்களா?"

"மெதுவாப் படிப்பேன். ஒங்களுக்கு அவசரம் இல்லியே?"

தாளை வாங்கி வாய்விட்டுப் படித்தேன். நாலு வரிதான். பத்து நிமிசம் ஆகியிருக்கும். சின்னப்பொண்ணும் என்னோடு சேர்ந்து உதட்டை அசைத்தாள். மனுதாரரின் குறை தீர்க்கப்பட்டது, மனுதாரருக்கு இதில் முழுத் திருப்தி என்று இருந்தது.

ராசேந்திரன் என் காதுக்குக் கிட்டே வந்தான். "போட்டு விட்டுருப்பா. ஊரோட எதுக்கு வம்பு? நாளைக்கு நானும்தான அந்த வழியா வண்டியில போய் வரணும்?"

அவன் பயம் நியாயமான பயம். ராத்திரி வேலைக்குத் தனியாகப் போகிறவன். எனக்கும் பயம்தான், உன்னிடம் மறைப்பானேன். கையெழுத்துப் போட்டால் எல்லோருக்கும் நிம்மதி. துரைசாமிக்கு நிம்மதி, சாருக்கு நிம்மதி, என் மகனுக்கு நிம்மதி. போட்டுவிட்டால் அந்தக் கேள்வி அன்றோடு செத்துப்போகும். இந்தத் தடவை அதைக் கொன்றவன் நான் என்று ஆகும்.

"சார், நான் கொறை எதுவும் எழுதலைங்க. கேள்வி கேட்டேன். பதில் வந்துச்சா?"

"பதில்தான் நான் வந்திருக்கேன்ல?"

"நீங்க நல்லவருங்க. ஆனா நான் ஒங்கள கேக்கலியே."

கூட்டத்தில் சிரிப்பு வந்தது. சாரும் சிரித்துவிட்டார். "தாத்தா, என் நெலமையைப் புரிஞ்சுக்கங்க. கம்ப்யூட்டர்ல ரெண்டே பட்டன்தான் இருக்கு. ஒண்ணு தீர்ந்தது. இன்னொண்ணு தள்ளுபடி. நான் எதை அமுக்குறது?"

"மூணாவதா ஒண்ணு வைக்கச் சொல்லுங்க சார்."

பேனாவை வாங்கினேன். அந்தத் தாளின் அடியிலேயே எழுதினேன். எல்லோரும் பார்க்க எழுதினேன். கோணலாகத்தான் எழுதினேன். "நான் குறை சொல்லவில்லை. கருத்துக் கேட்டேன். அவர் கருத்து இன்னும் வரவில்லை. கடையில் கிளாஸ் இல்லாமல் போனது பதில் ஆகாது. ஆகவே இது தீரவில்லை." அதன் கீழே என் பேரை முழுசாக எழுதினேன். செல்லமுத்து என்று எழுதி முடித்தபோது சுமதி தெரு ஓரத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த சார் அதை இரண்டு தடவை படித்தார். மைப்பெட்டியை மூடிப் பையில் போட்டார். "இதை நான் இப்படியே மேல அனுப்புறேன். திங்கக்கிழமை தோறும் அரியலூர் கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. முடிஞ்சா நீங்களே நேர்ல வந்து சொல்லுங்கய்யா" என்றார். வரும்போது தாத்தா என்றவர், போகும்போது ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஐயாவை நான் எடுத்துக்கொண்டேன்.

துரைசாமி போகாமல் நின்றான். "அப்ப கேஸ் இல்லதானே?" என்று மறுபடி கேட்டான். "இல்லப்பா. நீ கிளாஸை எடுத்து வெளிய வை. எல்லாருக்கும் வை. நடராசன் கை பொசுங்குது பாவம்" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். இன்றுவரை கிளாஸ் வெளியே வரவில்லை. வரும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. வந்தால் சொல்கிறேன்.

ராசேந்திரன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவன், சோற்றைப் பிசைந்துகொண்டே, "கலெக்டர் ஆபீஸ்ல பெரிய வரிசை நிக்கும். ஒன்னால நிக்க முடியாது. நான் அடுத்த வாரத் திங்கக்கிழமைக்கு லீவு சொல்லிட்டேன்" என்றான். தலையை நிமிர்த்தவில்லை. கவிதா என்னைப் பார்த்தாள், நான் கவிதாவைப் பார்த்தேன். இவன் யார் பிள்ளை என்று இப்போதுதான் தெரிகிறது.

சேதி இதோடு முடியவில்லை. வகுப்பில் பத்துப் பேரும் டெல்லிக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதுகிறார்கள். என் கடிதத்தைப் பார்த்து எழுதவில்லை, ஒவ்வொருத்தியும் அவளவள் கேள்வியை எழுதுகிறாள். சின்னப்பொண்ணு தன் கேள்வியை எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறாள். "ஒங்களுக்கு எழுதுனாத்தானே மச்சான் ஒங்ககிட்ட காட்டணும்" என்கிறாள். சரியான பேச்சு. நீ இருந்திருந்தால் இவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாய். அந்த ஒன்றை நினைத்தால் மட்டும் பேனா நின்றுவிடுகிறது.

நாளை மறுநாள் திங்கட்கிழமை. முதல் பஸ்ஸில் நானும் மகனும் அரியலூர் போகிறோம். அங்கே வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்று வேண்டும் என்று நிற்பார்கள். என் முறை வரும்போது, எனக்கு ஒன்றும் வேண்டாம், அவர் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரிந்தால் போதும் என்று சொல்வேன். தள்ளுபடி என்று அவர்கள் எழுதினால் எழுதட்டும், அது அவர்கள் எழுத்து. தீர்ந்தது என்று என் கையால் வாங்க முடியாது. அங்கே என்ன சொன்னார்கள் என்று செவ்வாய்க்கிழமையே எழுத உட்கார்ந்துவிடுவேன். என் வேகத்துக்கு அடுத்த வாரக் கடைசிக்குள் உனக்கு எழுதி முடித்துவிடுவேன் புள்ள. இது சத்தியம்.

உன் மாமா,
செல்லமுத்து